வரி கம்மி, கூட்டம் ஜாஸ்தி, நல்ல பீர் மட்டும் எங்கே? ஒரு காரைக்கால் கணக்கு

டூர் பட்ஜெட் வீடியோ போட்டதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மட்டும் என்னை ரொம்ப யோசிக்க வச்சுது. கேட்டவர் காரைக்கால்காரர், பெங்களூர்ல ஐடி வேலை. நாலு நண்பர்கள் சேர்ந்து இந்தக் குளிருக்கு குல்மார்க் போய் ஸ்கீயிங் பழகப் போறாங்க. அது பிடிச்சுப் போச்சுன்னா அடுத்த வருஷம் ஆஸ்திரியா. கேள்வி என்னன்னா: "அண்ணா, போற இடத்துல நல்ல க்ராஃப்ட் பீர் தேடிக் குடிக்கணும்னு ஆசை. அதுக்குத் தனியா எவ்வளவு ஒதுக்கலாம்? இல்ல, நம்ம ஊர்லதான் விலை கம்மியாச்சே, இங்கிருந்தே ஒரு பெட்டி வாங்கிட்டுப் போயிட்டா லாபமா?"

முதல் பாதிக்குப் பதில் சுலபம். ரெண்டாவது பாதிதான் விஷயம். "நம்ம ஊர்லதான் விலை கம்மியாச்சே." இந்த ஒரு வரியை வச்சுத்தான் காரைக்கால்ல ஒரு பெரிய வியாபாரமே ஓடுது. டெல்டா மாவட்டத்துல பல குடும்பங்களோட மாசச் செலவுலயும் இந்த வரி ஒளிஞ்சிருக்கு. அதனால இந்தப் பதிவு பீரைப் பத்தினதா இருந்தாலும், குடிக்காதவங்களும் படிக்கலாம். கணக்கு எல்லாருக்கும் பொது. (குடிக்காதவங்க இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்க வேண்டாம், அது வேற.)

முதல்ல பெட்டி விஷயத்தை முடிச்சுடுவோம். காரைக்கால் மாவட்டத்துக்குக் கிழக்கே கடல். மத்த மூணு பக்கமும் தமிழ்நாடு. வடக்கே பூவம் தாண்டினா நண்டலாறு செக்போஸ்ட், தெற்கே வாஞ்சூர் தாண்டினா நாகூர். நம்ம தலைநகர் புதுச்சேரிக்குப் போகணும்னாலே சுமார் 130 கிலோமீட்டர் தமிழ்நாட்டு ரோட்டுல போகணும். புதுச்சேரி மாநில மதுவை பெர்மிட் இல்லாம தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு போனா அது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கேஸ் மட்டும் இல்ல, வண்டியும் போகும். மதுவிலக்குப் போலீஸ் பறிமுதல் பண்ணின வண்டிகளை ஏலம் விடுற விளம்பரத்தை நீங்களே பேப்பர்ல பார்த்திருப்பீங்க. அந்த ஏல வண்டிகள்ல எத்தனை, "ரெண்டு பாட்டில்தானே" கதைன்னு யாருக்குத் தெரியும்? பாட்டிலுக்கு சில பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க, லட்ச ரூபாய் பைக்கைப் பணயம் வைக்கிற முதலீட்டை நான் எந்த வீடியோலயும் சிபாரிசு பண்ண மாட்டேன்.

இப்போ நேர்ல வந்து குடிச்சுட்டுப் போறவங்க கணக்கு.

விலை ஏன் வித்தியாசப்படுது? 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்போ, மனுஷன் குடிக்கிற மதுவை அதுக்கு வெளியே விட்டுட்டாங்க. அரசியல் சட்டத்துலயே அப்படி. அதனால மதுவுக்கு கலால் வரி, வாட் எல்லாம் அந்தந்த மாநிலம் முடிவு பண்றது. தமிழ்நாட்டுல 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில. புதுச்சேரியில தனியார் கடைகள், வரியும் கம்மி. ஒரே கம்பெனி பாட்டிலுக்கு நண்டலாறுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை.

மயிலாடுதுறையிலிருந்து ஒருத்தர் பைக்ல வர்றார்னு வச்சுக்கோங்க. போக வர சுமார் 80 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 50 கொடுக்குது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு ரவுண்டா எடுத்தா 160 ரூபாய். ஒரு பீருக்கு 40 ரூபாய் மிச்சம்னு ஒரு பேச்சுக்கு வச்சுப்போம். பெட்ரோல் காசு திரும்பி வரவே நாலு பாட்டில் காலி பண்ணணும். அஞ்சாவது பாட்டில்லதான் லாபமே ஆரம்பிக்குது!

இதுல ஒரு விஷயத்தை யாரும் சேர்க்கிறதில்ல. ஸ்ட்ராங் பீர்னா நம்ம நாட்டு உணவுத் தர விதிப்படி ஆல்கஹால் 5 சதவீதத்துக்கு மேல, 8 வரைக்கும். 650 மில்லி பாட்டில்ல 7 சதவீதம்னா 45 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில கிட்டத்தட்ட 36 கிராம். 70 கிலோ ஆளுக்கு இந்த ஒரு பாட்டிலே ரத்தத்துல 100 மில்லிக்கு 60, 70 மில்லிகிராம் வரைக்கும் ஏத்திடும். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு அனுமதிக்கிறது 30. அதாவது, பெட்ரோல் காசு திரும்பி வர நாலு பாட்டில் வேணும்; சட்டப்படி வண்டி ஓட்டுற தகுதி முதல் பாட்டில்லயே போயிடுது. பிடிபட்டா முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டுமே.

அதை விடப் பெரிய ஓட்டை இன்ஷூரன்ஸ்ல. போதையில ஓட்டி விபத்தானா உங்க வண்டிக்கான சொந்த சேதக் க்ளெய்ம் கிடைக்காது. எதிர்ல வந்தவருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுல கம்பெனி கொடுத்தாலும், அந்தப் பணத்தை உங்ககிட்ட வசூலிக்க கோர்ட்டுல உரிமை கேட்கலாம். பெர்சனல் ஆக்சிடென்ட் பாலிசியிலயும் போதை பெரும்பாலும் விலக்குப் பட்டியல்லதான் இருக்கும். வீட்டுக்காரர் இறந்துட்டா பாலிசி கை கொடுக்கும்னு நம்பி இருக்கிற அம்மாவுக்கு, அந்தப் பட்டியல் இருக்கிறதே தெரியாது. வாஞ்சூர் ரோட்டுல ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு தடவை போய்ப் பாருங்க, ஹெல்மெட் இல்லாம எத்தனை பேர் எத்தனை லட்சம் கவரேஜைக் காத்துல விட்டுட்டுப் போறாங்கன்னு தெரியும். நாப்பது ரூபாய்க்கு.

மாசம் 2,000 ரூபாயை எஸ்ஐபில போட்டா பத்து வருஷத்துல எவ்வளவு ஆகும்னு எல்லா சேனலும் உங்களுக்குச் சொல்லிட்டாங்க. நான் அதைச் சொல்லப் போறதில்ல. மனுஷன் சம்பாதிக்கிறதுல கொஞ்சம் சந்தோஷத்துக்குச் செலவு பண்றது தப்பில்லன்னுதான் இந்தச் சேனல் ஆரம்பத்திலிருந்தே பேசிட்டு வருது. என் கேள்வி வேற. இவ்வளவு ரிஸ்க் எடுத்து வர்றவங்களுக்கு காரைக்கால் என்ன ஊத்திக் கொடுக்குது?

எங்கும் கிடைக்கிற அதே பாட்டில். அதே ஸ்ட்ராங் பீர். கடை ஃப்ரிட்ஜ்ல இடம் பிடிக்கிறது, "ரூபாய்க்கு எவ்வளவு கிக்" கணக்குல ஜெயிக்கிற சரக்கு. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் லைசென்ஸுக்கு வருஷக் கட்டணம் கட்டுறார், சரக்கு சீக்கிரம் புரளணும். விலைக்காக வர்ற வாடிக்கையாளர் ருசியைப் பத்திக் கேட்க மாட்டார், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பார்ப்பார். கொஞ்சம் நல்ல கோதுமை பீர் வாங்கி வச்சா அது ஃப்ரிட்ஜ்லயே கிடந்து தேதி முடிஞ்சு போகும். விலை கம்மியா இருக்கிற ஊர்ல நல்ல சரக்கு வளரும்னு நாம நினைக்கிறோம். நடக்கிறது நேர் எதிர். விலையை மட்டும் தேடி வர்ற கூட்டம், விலையை மட்டும் விக்கிற கடைகளைத்தான் உருவாக்கும்.

இப்போ குல்மார்க் தம்பியோட பனிமலைக்கு வருவோம். அங்க கணக்கு அப்படியே தலைகீழ்.

அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல பிரெக்கன்ரிட்ஜ்னு ஒரு ஸ்கீ ஊர். 1990-ல ரிச்சர்ட் ஸ்கொயர்னு ஸ்கீ பைத்தியம் ஒருத்தர் அங்க ஒரு சின்ன ப்ரூ பப் ஆரம்பிச்சார். மலை மேல இருக்கிற ஊர், சரக்கு ஏத்திக் கொண்டு வர்ற செலவு, வாடகை, எல்லாமே ஜாஸ்தி. விலையில போட்டி போட முடியாது. ஆனா நாள் முழுக்க பனியில சறுக்கிட்டு வர்றவன், "இந்த ஊர் பீர்" குடிக்கணும்னு காசு கொடுக்கத் தயாரா இருந்தான். அது வளர்ந்து, 2015 கடைசியில உலகத்தோட பெரிய பீர் கம்பெனி ஏபி இன்பெவ் அதை வாங்குறதா அறிவிச்சது. ஆஸ்திரியாவுல ஸில்லர்டால் பள்ளத்தாக்குல ஒரு ப்ரூவரி 1500-ம் வருஷத்திலிருந்து நடக்குது. ஸ்கீ லிஃப்ட் வர்றதுக்கு முன்னாலயே இருந்தது. இந்த ஊர்கள் எல்லாம் விக்கிறது இடத்தை. அந்த இடத்துலதான் அது கிடைக்கும், அதனால அதுக்கு விலை.

அதனால தம்பிக்கு நேரா சொல்றேன். குல்மார்க்ல க்ராஃப்ட் பீர் பட்ஜெட் பூஜ்யம். காஷ்மீர் பள்ளத்தாக்குல மதுக்கடைகளே குறைவு. அங்க உங்க காசு போக வேண்டிய இடம் கொண்டோலா டிக்கெட், நல்ல பயிற்சியாளர், வாடகை ஸ்கீ. ரெண்டாவது கட்ட கொண்டோலா கிட்டத்தட்ட 3,980 மீட்டர் உயரத்துல கொண்டு போய் விடும். காரைக்கால் கடற்கரையில வளர்ந்த உடம்புக்கு அந்தக் காத்தே போதையா இருக்கும். குடிச்சா சூடேறும்னு சொல்றதும் ஏமாத்து வேலை. தோலுக்கு ரத்தம் ஓடி சூடு மாதிரி தெரியுமே தவிர, உடம்போட வெப்பம் வெளியே போயிட்டு இருக்கும்.

ஆஸ்திரியா போனா, மலை மேல இருக்கிற குடில்ல ஒரு கிளாஸ், அனுபவத்துக்கு. மீதியை அடிவாரத்து சூப்பர் மார்க்கெட்ல வாங்கி, சாயங்காலம் ஸ்கீயைக் கழட்டி வச்சுட்டு ரூம்ல. அதே உள்ளூர் பீர், விலை ஒரு பங்குதான். கார்டு தேய்க்கிறப்போ மெஷின் "ரூபாய்ல கட்டுறீங்களா, யூரோவுலயா"ன்னு கேட்கும். யூரோவையே அமுக்குங்க. ரூபாய்னு அமுக்கினா அந்த மெஷின்காரங்க வச்ச ரேட்டுக்கு நீங்க தலையாட்டினதா அர்த்தம். சாதாரண கிரெடிட் கார்டுல ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5 சதவீதம் வரைக்கும், அதுக்கு மேல ஜிஎஸ்டி. நாலு பேர்ல ஒருத்தராவது மார்க்கப் இல்லாத கார்டு வச்சுக்கிட்டு எல்லாப் பில்லையும் அவரே கட்டிட்டு, அப்புறம் பிரிச்சுக்கிறது நல்லது.

முக்கியமானது இது. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கிறப்போ ஸ்கீயிங் கவர் ஆகுதான்னு பாருங்க. நிறைய பாலிசிகள்ல சாகச விளையாட்டு தனி ஆட்-ஆன். அதை வாங்கினாலும், போதையில நடந்த விபத்துக்குப் பணம் தர மாட்டாங்க. மத்தியானம் குடில்ல ரெண்டு கிளாஸ் அடிச்சுட்டு இறங்குறப்போ காலை ஒடிச்சுக்கிட்டா, ஹெலிகாப்டர் மீட்பு பில் லட்சக்கணக்குல உங்க தலையில விழலாம். இத்தாலியில 2022 ஜனவரியிலிருந்து போதையில ஸ்கீ பண்றதே சட்டப்படி தடை. அபராதம் 250 யூரோவுல தொடங்குது. வாஞ்சூர் ரோடா இருந்தாலும் ஆல்ப்ஸ் மலையா இருந்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியோட பதில் ஒண்ணுதான்.

சரி, நல்ல பீர்தான் குறின்னா எங்க போகணும்? தம்பி வேலை பார்க்கிற பெங்களூர்லயே இருக்கு! 2010-ல டாய்ட் வந்ததிலிருந்து அந்த ஊர் இந்தியாவோட மைக்ரோப்ரூவரி தலைநகர் மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு முந்தின வருஷமே புனேல டூலாலி ஆரம்பிச்சாச்சு. நம்ம மாநிலத்துலயே, புதுச்சேரியில கேட்டமரான் ப்ரூயிங் இருக்கு. குல்மார்க் ஃப்ளைட் டிக்கெட்ல பத்துல ஒரு பங்கு செலவுல முடியுற வேலை இது. காரைக்கால்லயிருந்து பெங்களூருக்கு நேர் ரயிலே ஓடுது. அங்க பில் வர்றப்போ ஒரு நிமிஷம் பாருங்க: சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி போடலாம், பீருக்கு ஜிஎஸ்டி கிடையாது. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்ல. எடுத்துடுங்கன்னு மரியாதையா சொல்லலாம். 2022-ல நுகர்வோர் ஆணையம் போட்ட வழிகாட்டுதலை 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் சரின்னு சொல்லிடுச்சு.

இனிமேல்தான் என் சண்டை. காரைக்கால்ல ஏன் ஒரு சின்ன ப்ரூவரி கூட வரக் கூடாது?

"இங்க யாரு சார் 300 ரூபாய் கொடுத்து ஒரு கிளாஸ் குடிப்பாங்க"ன்னு உடனே கேட்பாங்க. நியாயமான கேள்வி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 லிட்டர் டேங்க் ஒண்ணு. கோதுமை பீர் தயாராக சுமார் ரெண்டு வாரம். 330 மில்லி கிளாஸ்னா 1,500 கிளாஸ் வரும். பதினஞ்சு நாள்ல வித்தாகணும், ஏன்னா பாஸ்டரைஸ் பண்ணாத பீர் ரொம்ப நாள் நிக்காது. நாளைக்கு 100 கிளாஸ். 2011 சென்சஸ்படி மாவட்டத்து மக்கள் தொகை 2 லட்சம். ஓஎன்ஜிசி காவேரி அசெட் இங்கதான், துறைமுகம் இருக்கு, ஜிப்மர் கிளை இருக்கு, திருவேட்டக்குடியில என்ஐடி இருக்கு. சம்பளக்காரங்க இல்லாத ஊர் இல்ல இது. சனி, ஞாயிறு நூறு கிளாஸ் போகும். திங்கள், செவ்வாய் கஷ்டம்தான், மறைக்கல. சில்லர், கரண்ட் பில், ப்ரூ மாஸ்டர் சம்பளம் எல்லாம் திங்கக்கிழமையும் ஓடும். அதனால இது லாபத் தொழில்னு நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன், கடன் வாங்கி ஆரம்பிங்கன்னும் சொல்ல மாட்டேன்.

ஆனா இப்போ இருக்கிற தொழில் மட்டும் பாதுகாப்பா? 2020 மே மாசத்தை நினைச்சுப் பாருங்க. ஊரடங்குக்கு அப்புறம் கடை திறந்தப்போ, தமிழ்நாட்டுக் கூட்டம் வந்து குவியக் கூடாதுன்னு புதுச்சேரி அரசு கொரோனா வரி போட்டுச்சு. தமிழ்நாட்டுலயும் கிடைக்கிற பிராண்டுகளுக்கு அங்க இருக்கிற விலைக்குச் சமமா. ஒரே ஒரு அரசாணை. காரைக்கால் கடைகளோட மொத்த ஈர்ப்பும் ஒரே ராத்திரியில காணாமப் போச்சு. அப்புறம் அந்த வரியை எடுத்தாங்க, கூட்டம் திரும்பி வந்துச்சு, எல்லாரும் மறந்துட்டாங்க. பங்குச் சந்தையில இதுக்கு ஆர்பிட்ரேஜ்னு பேர். ரெண்டு சந்தைக்கு நடுவுல விலை வித்தியாசம் இருக்கிற வரைக்கும் காசு, மூடினா ஒண்ணுமில்ல. ஒரு ட்ரேடர் அதுல பிழைக்கலாம். ஒரு ஊரே அதுல பிழைக்க நினைக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு. பார்ல சைடிஷ் போடுற அக்கா, பாட்டில் பொறுக்குற தாத்தா, பஸ் ஸ்டாண்ட் லாட்ஜ், ஆட்டோ, எல்லாரோட வருமானமும் சென்னையிலயோ புதுச்சேரியிலயோ யாரோ போடுற ஒரு கையெழுத்துல தொங்குது.

இதுல எனக்கு ரொம்ப வேடிக்கையா படுறது கள்ளு. தமிழ்நாட்டுல 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில கள்ளுக்கடை சட்டப்படி ஏலம் விடுறாங்க, காரைக்காலும் அதுல சேர்த்தி. க்ராஃப்ட் பீருக்கு என்ன இலக்கணம் சொல்றாங்களோ அத்தனையும் இதுல இருக்கு: உள்ளூர் மூலப்பொருள், சின்ன அளவு, பாஸ்டரைஸ் பண்ணாதது, கெமிக்கல் சேர்க்காம தானே புளிக்கிறது, அன்னிக்கே குடிச்சாகணும். கலயத்துல சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவலைன்னா சில மணி நேரத்துலயே கள்ளு. ஸ்ட்ராங் பீரை விடப் போதை கம்மி. ஒரு ஸ்கீ ஊர்ல இப்படி ஒண்ணு கிடைச்சிருந்தா அதுக்கு ஒரு மரமேறியோட படம் போட்ட லேபிள் ஒட்டி, டேஸ்டிங் டூர் நடத்தி, முன்பதிவு வாங்கியிருப்பாங்க. இங்க அது கீத்துக் கொட்டகையில, கலப்படம் இருக்குமோன்னு சந்தேகத்தோட, முகத்தைத் திருப்பிக்கிட்டு குடிக்கிற பொருள். கலப்படப் பயம் நியாயம்தான். அதுக்குத் தீர்வு பரிசோதனையும் லேபிளும். ஏலத் தொகையை மட்டும் வாங்கிக்கிட்டு அரசு நகர்ந்து போனா, ஏலம் எடுத்தவர் போட்ட காசை எடுக்க எதையாவது கலக்கத்தானே செய்வார்?

என் கோரிக்கை சின்னது. கலால் துறை அடுத்த தடவை லைசென்ஸ் கட்டணத்தை மாத்துறப்போ, 500 லிட்டர், 1,000 லிட்டர் அளவுல உட்கார்ந்து குடிக்கிற இடங்களுக்கு, பீரோ கள்ளோ, கட்டணத்தை உற்பத்தி அளவுக்கு ஏத்த மாதிரி வைக்கட்டும். முதல் மூணு வருஷம் தவணையில வாங்கட்டும். மாசம் ஒரு தடவை சாம்பிள் எடுத்து ரிசல்ட்டைக் கடை வாசல்லயே ஒட்டச் சொல்லட்டும். வாஞ்சூர்லயும் பூவத்துலயும் ராத்திரி கடைசி பஸ்ஸைப் பதினொரு மணி வரைக்கும் ஓட்டட்டும், தமிழ்நாட்டுப் பக்கம் பேசி நாகப்பட்டினம் வரைக்கும். அந்த பஸ் ஒண்ணு ஓடினாலே, மேல போட்ட கணக்குல பாதி மாறிடும்.